யாருக்கும் சொந்தமில்லாத சாக்கடை

தலையில் சாயம் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர், திடீரென்று இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்.

"வந்துடுச்சு."

யார் வந்தது என்று பார்லர்காரி கேட்கவில்லை. கதவுக்கு அடியில் கறுப்பாக ஒரு நாக்கு நீண்டு, தரையை நிதானமாக நக்கிக்கொண்டே முகம் கழுவும் தொட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. வாசல் சாக்கடை. முன்பெல்லாம் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இப்போது உரிமையோடு உள்ளே வருகிறது.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். சாயம் பிடிக்கணும்."

"சாயம் பிடிச்சுடும். கூட வேற என்னவெல்லாம் பிடிக்கப் போகுதோ, அதுதான் பயமா இருக்கு."

அவள் வாசனைத் தெளிப்பானை எடுத்து அறை முழுக்க அடித்தாள். ரோஜாவும் சாக்கடையும் கலந்து, கல்யாண மண்டபத்தில் எலி செத்தது மாதிரி ஆயிற்று. சோபாவில் காத்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் வரோம்க்கா."

அப்புறம் வருகிறேன் என்று சொன்னவர்கள் யாரும் இந்த வருஷம் திரும்பி வந்ததில்லை. அடுத்த தெருவில் புதிதாக ஒரு பார்லர் திறந்திருக்கிறது. அங்கே சாக்கடை சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது.

"இதுக்கு ஒரு வழி பண்ணணும்டி," என்றார் டீச்சர். "கவுன்சிலர்கிட்ட சொல்லு."

"எந்தக் கவுன்சிலர்கிட்ட டீச்சர்?"

நகரத்தில் கவுன்சிலர் என்ற பிராணி அற்றுப்போய் வெகு நாளாகிறது. பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் வைக்க வேண்டும். மாகாண அரசு முதலில் வெயில் அதிகம் என்று தள்ளி வைத்தது. பிறகு மழை அதிகம் என்று தள்ளி வைத்தது. அதற்கடுத்த தடவை காரணம் சொல்ல அவர்கள் மறந்துவிட்டார்கள், கேட்க இவர்கள் மறந்துவிட்டார்கள். மேயர் நாற்காலியில் மாகாணத் தலைநகரிலிருந்து வந்த ஒரு தனி அலுவலர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்த நகரத்தில் தெரிந்த ஒரே தெரு, விமான நிலையத்துக்குப் போகிற தெரு.

இப்போது ஒருவழியாகத் தேர்தல் தேதி அறிவித்திருக்கிறார்கள். கூடவே, செலவு அதிகம் என்று சொல்லி வார்டுகளைப் பாதியாக வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் இருவரும் வட்டார அலுவலகத்துக்குப் போனார்கள். டீச்சரின் தலை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. நேற்று தண்ணீர் ஏறியதில் மிச்சச் சாயத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தவர், இன்னும் திரும்பிப் போகவில்லை.

கவுண்டரில் இருந்த கிளார்க் புது வரைபடத்தை விரித்தார். அவர்கள் தெருவின் நடுவில், தலை வகிடு எடுத்தது மாதிரி நேராக, ஒரு சிவப்புக் கோடு ஓடியது.

"இடப்பக்கம் ஒன்பதாம் வார்டு. வலப்பக்கம் பன்னிரண்டாம் வார்டு. உங்க கடை எந்தப் பக்கம்?"

"கடை இடப்பக்கம். வீடு எதிர்ல, வலப்பக்கம்."

"அப்போ நீங்க ஒன்பதுல சம்பாதிச்சு பன்னிரண்டுல சாப்பிடறீங்க." கிளார்க்குக்குத் தன் பேச்சே பிடித்துப்போய்ச் சிரித்துக்கொண்டார்.

"சரிங்க. சாக்கடை?"

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சாக்கடை மேலதாம்மா கோடு போகுது."

"அப்போ அது எந்த வார்டு?"

"கோட்டுக்கு ஏதும்மா வார்டு?"

டீச்சர்தான் திரும்பி வரும்போது விளக்கினார். "சாக்கடைய விடு. நம்ம தெருவ ரெண்டா கிழிச்சு, ஒரு பாதிய அந்தப் பெரிய காலனியோட ஒட்டியிருக்கான். இன்னொரு பாதிய குடோன் பக்கத்தோட ஒட்டியிருக்கான். ரெண்டு இடத்துலயும் ஆளுங்கட்சிக்கு ஓட்டு கொட்டுது. நம்ம ஓட்டு கடல்ல கரைச்ச உப்பு. இனிமே யாரு நம்ம வாசல எட்டிப் பாப்பான்?"

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அவள் இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, சுவரிடம் சொன்னாள் என்பது பொருந்தும். வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் மேனேஜர். தெருவில் அவருக்குச் 'சாது' என்று பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவள் எது சொன்னாலும் அவருடைய பதில் 'ம்'. அந்த 'ம்'முக்குள் சந்தோஷம், கோபம், பசி, தூக்கம் எல்லாவற்றையும் அவளாகவே பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அரசியல் பிடிக்காது. டிவியில் செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவார்.

அன்றைக்கு அவர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே? சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். எதைச் சொன்னாள் என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. தன் பேச்சுக்காக ஒரு டிவி வாயை மூடிக்கொண்டது என்ற நினைப்பே உள்ளே எங்கேயோ சூடாகப் பரவிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சந்தோஷமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"தெருவுல ரெண்டு பக்கத்து ஆளுங்ககிட்டயும் கையெழுத்து வாங்கு," என்றார் வீட்டுக்காரர். "ஒரே மனுவா குடு. ஒத்துமையக் காட்டணும்."

எவ்வளவு நல்ல யோசனை! அவளும் டீச்சரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் தன் கடை வாசலிலேயே மேசை போட்டு, மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார். வயிற்றுவலிக்காரர் ஒருவர் மருந்துச் சீட்டு என்று நினைத்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டாராம்.

கிளார்க் மனுவை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு வார்டு ஆளுங்க ஒரே மனுவுல கையெழுத்து போட்டிருக்கீங்க. செல்லாது."

"சரி, பிரிச்சு ரெண்டா தரோம்."

"அது முடியாதும்மா. இப்ப இது எல்லைத் தகராறு ஆயிடுச்சு. பதிவு பண்ணியாச்சு. தகராறு தீர்ற வரைக்கும் அந்தச் சாக்கடைய யாரும் தொடக்கூடாது."

அதுவரை அவ்வப்போது வந்து கழியை விட்டுக் குத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளியும் அன்றோடு நின்றுபோனார். "நான் தொட்டா என்மேல கேஸ் போடுவாங்களாம்க்கா," என்று தூரத்திலேயே நின்று கையை ஆட்டிவிட்டுப் போனார். சாக்கடை இப்போது கதவுக்கு அடியில் வருவதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டே வந்தது.

போராட்டக் குழு பிறந்தது பார்லரில்தான். காரணம் எளிது. தெருவில் ஆறு சுழல் நாற்காலிகள் இருந்த இடம் அது ஒன்றுதான். 'எங்கள் தெரு, எங்கள் ஓட்டு' என்று டீச்சர் பெயர் வைத்தார். மருந்துக்கடைக்காரர் முடி உலர்த்தும் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மாகாண அரசே கேட்கிற மாதிரி கத்திப் பேசினார். வேறு தெருக்களிலும் குழுக்கள் முளைத்தன. ஒரு வீட்டில் சமையலறை ஒரு வார்டு, படுக்கையறை இன்னொரு வார்டு என்று செய்தி வந்தது.

"அந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா யாருகிட்ட போவாங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"மாகாண அரசுகிட்டதான். எல்லைத் தகராறாச்சே," என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். பார்லர்காரியும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு தன் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, வீட்டுச் சுவர்களில் புது வார்டு எண்களைச் சிவப்பில் எழுதிவிட்டுப் போனார்கள். தெரு கொதித்தது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றும் டிவியின் சத்தம் குறைந்தது.

"எண்ணே இல்லேன்னா எல்லை எங்க இருக்கும்?" என்றார் வீட்டுக்காரர். "எங்க கடையில விக்காம கிடக்கற வெள்ளை பெயிண்ட் நிறைய இருக்கு. முதலாளிகிட்ட சொல்லி எடுத்துட்டு வரேன். ராவோட ராவா வேணாம். பகல்லயே, எல்லாரும் பாக்க அழிங்க. தப்பா பண்றோம்? நியாயமாத்தானே பண்றோம்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இந்த மனிதர் எங்கே ஒளிந்திருந்தார்? ஒருவேளை தான்தான் சரியாகக் கேட்டுப் பேசவில்லையோ? 'ம்' என்று நின்றுவிடுகிறவரிடம் இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கலாமோ? கல்யாணம் முழுக்கத் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு பழகியவளுக்கு இந்தக் குற்ற உணர்ச்சி கூட இதமாகத்தான் இருந்தது.

தெருவே பிரஷ் பிடித்தது. வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டின்னைத் தூக்கி வந்தார். "நம்ம வீட்டைக் கடைசியாப் பாத்துக்கலாம். முதல்ல ஊரு," என்றார். அவர்கள் வீட்டுக்கு வரும்போது பெயிண்ட் தீர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் உணர்ச்சிவசப்பட்டுப் புது எண்ணோடு பழைய வீட்டு எண்ணையும் சேர்த்து அழித்துக்கொண்டே போனார். அழித்த கையோடு பல் டாக்டரின் போர்டையும் அழித்துவிட்டார். அவரைத் தடுக்கப் போனவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவர்களும் அழித்தார்கள்.

தெரு தும்பையாக வெளுத்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் கேஸ் சிலிண்டர்கள் தொலைந்தன. ஒரே வீட்டில் நான்கு சிலிண்டர்களை இறக்கிவிட்டு, மற்ற வீடுகளைக் காணோம் என்று போய்விட்டான் வண்டிக்காரன். மருந்துக்கடைக்கு வர வேண்டிய சர்க்கரை வியாதி மாத்திரைகள் மிட்டாய்க்கடைக்குப் போயின. பல் பிடுங்க வந்தவர் பார்லருக்குள் வந்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறவர்கள் வந்தார்கள். கையில் பட்டியல் இருந்தது, சுவரில் எண் இல்லை. தெரு முனையில் நின்று இந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார்கள்.

"இந்த அட்ரஸ்ல வீடே இல்லையே," என்றார் ஒருவர்.

"இதோ நிக்குதே வீடு! நானும் நிக்கறேனே!" என்று டீச்சர் கையை ஆட்டினார்.

"நீங்க நிக்கறீங்கம்மா. எண் நிக்கலையே."

அவர்கள் பேனாவை எடுத்து வரிசையாகக் கோடு போட்டார்கள். டீச்சர் போனார். மருந்துக்கடைக்காரர் போனார். பல் டாக்டர் குடும்பத்தோடு போனார். தெருவின் முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போனார்கள். மிச்சம் இருந்தது பெயிண்ட் போய்ச் சேராத கடைசி நாலைந்து வீடுகள்தான்.

குழு கூடியது. ஆறு நாற்காலிகளும் ஆறு திசையில் திரும்பியிருந்தன. மருந்துக்கடைக்காரர் முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையை முழுசாக நுழைத்துக்கொண்டார்.

கடைசியில் டீச்சர்தான் ஆரம்பித்தார். "ஒண்ணு பண்ணலாம். நம்மள்ல ஒருத்தர் தேர்தல்ல நிக்கணும். உள்ள போய் சத்தம் போட ஒரு வாயாவது வேணும். குடோன் பக்கத்துல, காலனியில, எல்லா இடத்துலயும் கோவமா இருக்கற ஜனம் இருக்கு. போய்ப் பேசினா ஓட்டு விழும்."

"யாரு நிக்கறது? நாமதான் செத்துட்டோமே," என்றார் மருந்துக்கடைக்காரர் கூண்டுக்குள்ளிருந்து.

எல்லோருடைய கண்களும் பார்லர்காரியின் பக்கம் திரும்பின. அவளுடைய தகுதி, அவள் வீட்டுச் சுவரில் எண் இருக்கிறது என்பதுதான்.

"ஐயோ, நானா? எனக்கென்ன தெரியும்?" என்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, யாரும் 'சரி, அப்போ வேண்டாம்' என்று சொல்லிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்தினாள். சுவர் நீளக் கண்ணாடி எதிரில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடியில் அவள் எப்போதும் யாருடைய தலைக்குப் பின்னாலோதான் நின்றிருக்கிறாள். யார் முகத்துக்கோ மேலே, தன் நெற்றியும் வகிடும் மட்டும் தெரியும். இன்றைக்கு அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் முழுதாகத் தெரிந்தது. 'வேணும்' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு இது வேணும். சாக்கடைக்காக மட்டும் இல்லை. ஒரு அறைக்குள் நுழைந்ததும் நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் தான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்க வேண்டும். அதற்காகவும் வேணும். சொன்னதும் பயமாக இருந்தது. எழுந்து, உட்கார்ந்த தடம் தெரியாமல் நாற்காலியைத் துடைத்து வைத்தாள்.

அவள் விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"நில்லேன். உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றார். மறுநாளே வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வட்டார அலுவலகத்துக்குப் போனார். வேட்புமனு எப்படிக் கொடுப்பது, கூட யார் வர வேண்டும், எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துவார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"எல்லாம் கேட்டுட்டேன். கடைசி நாள் மூணு மணியோட சரி. அதுக்கப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் வாங்க மாட்டாங்களாம். ஒரே ஒருத்தர் மட்டும் மனு குடுத்திருந்தா, ஓட்டே கிடையாது. அவரு ஜெயிச்சதா அறிவிச்சுடுவாங்க."

அவள் கண்ணில் நீர் வந்தது. சாம்பார் காரம் என்று சொல்லிக்கூடச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் சாப்பாடே இன்னும் போடவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் டிவியை அணைத்தே விட்டார். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது மாதிரி இருந்தது.

"ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"நீ மனு குடுத்தா, அவன் போட்ட கோட்டை நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இத்தனை பேரு ஓட்டு போயிடுச்சு. டீச்சர் ஓட்டு போயிடுச்சு. அவங்க பேரு இல்லாத பட்டியல வச்சுக்கிட்டு நீ மட்டும் ஜெயிச்சுப் போய் உக்காந்தா, நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க? பதவிக்கு ஆசைப்பட்டுட்டாள்னு பேச மாட்டாங்க?"

கண்ணாடியில் பார்த்த அந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. காது இரண்டும் சுட்டன. அவர் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் பார்த்துவிட்டார் என்று தோன்றியது. ஆசை. ஆமாம், ஆசைதானே. ஒரு பொம்பளைக்கு எதன்மேலாவது ஆசை வந்துவிட்டால், அதை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். உடனே திருடியது மாதிரி கீழே போட்டுவிடுவாள்.

"அப்போ என்ன பண்ணலாம்?"

"யாருமே மனு குடுக்கலேன்னா தேர்தலே நடக்காது. நின்னு போயிடும். மாகாணத்துக்கே அவமானம். பழைய கோட்டுக்கு வந்துதானே ஆகணும்? வாசல்ல உக்காருங்க. ஒருத்தரையும் உள்ள விடாதீங்க. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்." அவள் கையைத் தொட்டார். "பெரிய மனசு வேணும் இதுக்கு. உனக்கு அது இருக்கு."

டீச்சருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "யாருமே குடுக்கலேன்னா சரி. ஆனா ஒரே ஒருத்தன் நுழைஞ்சாலும் அவன் போட்டியில்லாம ஜெயிச்சுடுவான்டி. ஒண்ணுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம், வேற எந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலயும் கிடையாது."

"அதுக்குத்தானே டீச்சர் வாசல்ல உக்காரப் போறோம்."

"நீ மனு குடுக்கணும்னுதான் எனக்கு ஆசை."

"எனக்கு அப்படியெல்லாம் ஆசை இல்ல டீச்சர்," என்றாள். சொன்ன விதம் அவளுக்கே பெருமையாக இருந்தது.

காலையில் வீட்டுக்காரரே பார்லர் நாற்காலிகளை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வட்டார அலுவலகத்தின் கேட்டுக்கு முன்னால் இறக்கி வைத்தார். "இன்னும் கொஞ்சம் நடுவுல. ஆங், அப்படி. எலி கூட நுழையக் கூடாது." தண்ணீர் கேன், பிஸ்கட், தலைக்குத் துணி என்று எல்லாவற்றையும் வைத்துவிட்டு, "கடைக்கு இன்னிக்குச் சரக்கு வருது. இல்லேன்னா நானும் உக்காந்திருப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெருப்பெண்கள் பார்லர்காரியைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல இருக்கறது, போராட்டம்னா டிபன் யாரு பண்றதுன்னு கேக்குது," என்றாள் ஒருத்தி.

"உனக்கு வாய்ச்சது அப்படி. அக்காவுக்குத் தங்கம் வாய்ச்சிருக்கு."

வெயில் ஏறியது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கோஷம் போட்டதில், ஒவ்வொரு கோஷத்துக்கும் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, பாதி நேரம் கேட்டைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் மரத்தடியில் நின்று டீ குடித்தார்கள்.

"ஏன்டி, ஒரு லத்தியக்கூட தூக்க மாட்டேங்கறான்?" என்றார் டீச்சர்.

"நியாயம் நம்ம பக்கம் இருக்கு டீச்சர்."

"நியாயம் நம்ம பக்கம் இருந்தாத்தானே தூக்குவான்."

காலனியின் ஆளுங்கட்சிச் செயலாளர் காரில் வந்து இறங்கினார். எல்லோரும் கைகோத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். பார்லர்காரி ஒரு அடி முன்னால் வந்தாள். "உங்கள உள்ள விட மாட்டோம்!" என்றாள். குரல் உடையாமல் வந்தது. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கும்பிட்டார்.

"உங்க இஷ்டம் சகோதரி. ஜனங்க விருப்பந்தானே முக்கியம்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

கைதட்டல் தெருக்கோடி வரை கேட்டது. மருந்துக்கடைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு குடோன் பக்கத்திலிருந்து ரிட்டையர்ட் தபால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கையில் மனு.

"நானும் உங்க பக்கம்தாம்மா. எங்க தெருவுலயும் அதே சாக்கடைதான். அந்தக் கட்சிக்காரனுங்க கையில போயிடக் கூடாதுன்னுதான் சுயேச்சையா நிக்கலாம்னு வந்தேன்."

"எங்க பக்கம்னா மனு குடுக்காதீங்க ஐயா."

"நான் குடுக்கலேன்னா வேற எவனாவது குடுத்துடுவானேம்மா."

"யாரும் குடுக்க முடியாது. நாங்க இருக்கோம்."

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கெஞ்சவில்லை. மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் திருப்பினார். அவர் போவதைப் பார்க்க அவளுக்கு நெஞ்சில் என்னவோ குத்தியது. தன்னைத் தானே திருப்பி அனுப்பியது மாதிரி இருந்தது. இருந்தாலும் கொள்கை என்றால் கொள்கைதான் என்று நினைத்துக்கொண்டாள். வலிக்கிறது என்றால் சரியாகத்தான் செய்கிறோம் என்று அவளுக்கு எப்போதுமே ஒரு நம்பிக்கை உண்டு.

மூன்று மணிக்கு உள்ளே மணி அடித்தது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் ஆளில்லாமல் தாமாகச் சுற்றின. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். "பூஜ்யம்டி! பூஜ்யம்!" என்று கத்தினார். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பூஜ்யம் போட்டவர், அதற்காக இப்படிக் குதித்து யாரும் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் போலீஸ்காரர்களுக்கு பிஸ்கட் கொடுத்தார். பார்லர்காரி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார்.

கேட்டின் உள்பக்கத்திலிருந்து வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்தார். வயதானவர், காலையிலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். பூட்டைத் திறந்து, வாய் நிறையச் சிரித்தார்.

"வாழ்த்துக்கள்மா."

"எனக்கு எதுக்குங்க? இது எல்லாரோட வெற்றி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்படிச் சொல்லிட்டா ஆச்சா? பன்னிரண்டாம் வார்டுக்கு வந்தது ஒரே மனு, போட்டியே இல்ல. உங்க வீட்டுக்காரர் ஆளுங்கட்சி ஆளுங்களோட பின்பக்கமா காரை விட்டு இறங்கினப்போ நான்கூட வெளிய கலாட்டாவா இருக்கேன்னு பயந்தேன், அவருதான் 'முன்வாசல எங்க வீட்டம்மா பாத்துக்குவாங்க'ன்னு சொல்லிட்டு சிரிச்சுக்கிட்டே உள்ள போனாரு."